வலது கால், பத்தொன்பது கிலோ

மார்ச் 30, ஞாயிறு

இன்றைய தவறு: கடையின் இருபது கிலோ எடைக்கல்லை நேற்றுப் பதிவேட்டில் எழுதாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது இரண்டாவது தவறாகிவிடும். எதற்கு என்று முதலாளி கேட்டால், அக்காவின் கணினி விளையாட்டுக் காருக்கு பிரேக் சரிபார்க்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை.

வழக்கமாக இந்தக் குறிப்பேட்டுக்கு இவ்வளவு போதும். மாலை நேரப் பழுதுபார்ப்பு வகுப்பில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: முதலில் அன்று செய்த தவறு, நடுவில் செய்த வேலை, கடைசியில் மறுநாள் வேலை. மற்றவர்கள் கால் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்குத் தவறு மட்டுமே கால் பக்கம் வரும். இன்று எடைக்கல்லைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அதை முதல் வரியில் எழுதக் கை வரவில்லை. இப்போது மணி மாலை ஐந்தரை. நடந்ததை வரிசையாக எழுதினால் அதற்கு வந்து சேருவேன் என்று நினைக்கிறேன்.

எடை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடையில் எனக்கு வேலை. அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாள், மதியம் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். நாளெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து சாயங்காலமும் ஓட்டுவாள், கணினியில். பந்தய விளையாட்டு. அம்மாவின் பழைய தையல் மேசையில் ஸ்டீயரிங்கை முடுக்கி, உடைத்துப் போட்ட ஒரு வேனின் ஓட்டுநர் இருக்கையை அதன் முன்னால் வைத்திருக்கிறோம். தரையில் பலகையில் பதித்த மூன்று பெடல்கள். ஆளுக்குப் பத்துச் சுற்று. நான் எவ்வளவு முயன்றாலும் அக்கா ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடி முன்னால் இருப்பாள். என்னை அவள் 'மில்லி' என்றுதான் கூப்பிடுவாள். மில்லிகிராம் என்பதன் சுருக்கம்.

பிரேக்கை மாற்றச் சொன்னது அவள்தான்.

"இது பிரேக்கா, தலையணையாடி? மிதிச்சா உள்ள போய்க்கிட்டே இருக்கு. வண்டிதான் நிக்க மாட்டேங்குது."

அவள் சொன்னது சரி. வாங்கி வந்தபடி அந்தப் பெடலுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் மட்டும் இருந்தது. பெடல் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைத்தான் கணினி பார்த்தது. நிஜ வண்டியில் தூரம் அவ்வளவு முக்கியமில்லை, கால் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதே கணக்கு. பலத்தை அளக்க எங்கள் கடையிலேயே சாமான் இருக்கிறது. எடை இயந்திரத்தின் தட்டுக்குக் கீழே லோடு செல் என்று ஓர் உலோகத் துண்டு இருக்கும். பாரம் ஏறினால் அது முடி அளவு வளையும். அந்த வளைவுதான் திரையில் கிலோவாகத் தெரியும். கழித்துப் போட்ட ஒரு தரைத் தராசிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லோடு செல்லையும், அதற்கு முன்னால் மூன்று ரப்பர் கட்டைகளையும் வைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'தவறு: லோடு செல்லின் இரண்டு வயர்களை மாற்றி இணைத்துவிட்டேன். மிதித்தால் எண் கீழே போனது. அக்கா, நீ செஞ்ச பிரேக்குல வண்டி பின்னாடி போகும்டி என்று சிரித்தாள். சரிசெய்தேன். மதியம் பெடலைக் கடைக்குக் கொண்டுபோய் இருபது கிலோ எடைக்கல் வைத்துப் பார்த்தேன். இருபது காட்டியது. வீட்டில் என் வலது கால் அதிகபட்சம் ஐம்பத்திரண்டு. அக்கா அறுபத்து நான்கு. முழு பிரேக் ஐம்பது கிலோ என்று வைத்தேன்.'

அதாவது, ஐம்பது கிலோ அழுத்தினால் கணினியில் கார் முழு பலத்தோடு நிற்கும். அக்கா முதல் நாளே அதில் புகுந்து விளையாடினாள். இப்பத்தான்டி வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 12. பிரேக் கல்லு மாதிரி இருக்கிறது என்றாள். ரப்பர் இறுகியிருக்கும் என்று நினைத்தேன். வேறு ரப்பர் வெட்டி வைத்தேன். அதற்கு முன்பே, அவள் காத்துக்கொண்டிருந்தாளே என்று, முழு அளவை ஐம்பதிலிருந்து நாற்பதாகக் குறைத்திருந்தேன்.

மார்ச் 19. மறுபடி அதே புகார். லோடு செல்லின் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் பலகை சூடாகி எண்ணைத் தவறாகக் காட்டுகிறதோ என்று சந்தேகம். முப்பதாகக் குறைத்தேன்.

மார்ச் 26. இருபத்திரண்டு. அந்தப் பக்கத்தில், 'லோடு செல்லே கெட்டதாக இருக்கலாம், அந்தத் தராசின் மேல் மூட்டை விழுந்ததாகக் கேள்வி, கழிவுச் சாமானை நம்பியது என் தவறு' என்று எழுதியிருக்கிறேன்.

மூன்று முறையும் முதலில் அளவைக் குறைத்தேன், பிறகு காரணம் தேடினேன். மூன்று முறையும் என் வேலையில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். எப்போதும் அப்படித்தானே இருந்திருக்கிறது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. அளவைக் குறைக்கக் குறைக்க, நான் ஓட்டும்போது கார் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கியது. முரட்டுத்தனமாக மிதிக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு காலை மெதுவாக வைக்கப் பழகினேன். மார்ச் 24 அன்று முதன்முறையாக அக்காவை ஜெயித்தேன். அம்மாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அந்தப் பக்கத்தில் மட்டும் தவறு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கோட்டைப் பார்க்கக் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் இந்தப் பிரேக் கதையைச் சொன்னேன். பக்கத்து இருக்கையில் உட்காரும் ஃபிரிட்ஜ் மெக்கானிக், உங்க வீட்டுல தராசு வாங்குனா ஒரு மாசத்துல எல்லாரும் இளைச்சுடுவாங்க போல என்று கிண்டல் செய்தார். வகுப்பே சிரித்தது. பிறகு அவரே, எடைக்கல் வெச்சுப் பாத்தியா என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நாள் முழுக்க அடுத்தவர் தராசில் எடைக்கல் வைத்துப் பார்க்கிறவள் நான். மார்ச் 4க்குப் பிறகு என் சொந்த பெடலில் ஒருமுறைகூட வைக்கவில்லை. அதனால்தான் நேற்று அந்தக் கல்லைத் துணிப்பையில் போட்டுத் தூக்கி வந்தேன்.

இனி இன்று மதியம் நடந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பெடல் பலகையை மல்லாக்கப் படுக்கவைத்து, பிரேக் தட்டு கூரையைப் பார்க்கும்படி நிறுத்தினேன். அக்கா ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள். அம்மா ஜன்னலோரம் பள்ளிச் சீருடைகளுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கல்லை வைத்தேன்.

20.0.

எடுத்தேன், வைத்தேன். 20.0. பெருக்கும் பலகை சூடாகட்டும் என்று அரை மணி நேரம் ஓடவிட்டு வைத்தேன். 20.0. வயரை ஆட்டிப் பார்த்தேன். நகரவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஓர் இயந்திரத்தை நான் இதுவரை செய்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் லோடு செல் சரி, பலகை சரி, வயர் சரி என்றால் மூன்று வாரமாக நான் எதைச் சரிசெய்துகொண்டிருந்தேன்?

பெடல் பலகையை மறுபடி தரையில் முடுக்கி, இருக்கையில் நான் உட்கார்ந்து பலமாக மிதித்தேன். ஐம்பத்திரண்டு. மார்ச் 4 அன்று வந்த அதே எண்.

"நீ மிதி, அக்கா," என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை வைத்தாள். பத்தொன்பது.

"விளையாடாத. முழு பலத்தோட மிதி."

"முழு பலம்தான்டி."

அவள் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இருக்கையின் இரண்டு பக்கத்தையும் பிடித்திருந்த கைகளில் விரல் வெளுத்துப்போயிருந்தது. திரையில் பத்தொன்பது, பதினெட்டு, பத்தொன்பது. எடைக்கல்லை வைத்தபோது வந்ததைவிட ஒரு கிலோ குறைவு.

இடது காலை வைக்கச் சொன்னேன். அறுபத்தொன்று. சாதாரணமாக, மூச்சுகூட வாங்காமல்.

மறுபடி வலது. பதினெட்டு. மறுபடி இடது. அறுபது. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"உன் டப்பா பொய் சொல்லுது மில்லி."

எடைக்கல் இன்னும் எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் இருந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் இயந்திரத்தின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அம்மா எழுந்து வந்து நின்றார். நடந்ததை நான் திக்கித் திணறிச் சொன்னேன். அம்மா எண்ணைப் பார்க்கவே இல்லை. அக்காவின் காலைப் பார்த்தார். மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க எப்போதும் எட்டிப் பிடிக்கிறவள் இந்த மாதம் ஏன் ஸ்டூல் போட ஆரம்பித்தாள் என்று தான் கேட்டதையும், முப்பத்தொரு வயசாயிடுச்சும்மா, கிழவியாயிட்டேன் என்று அக்கா மழுப்பியதையும் சொன்னார். பிறகு, "எந்திரி. செவத்தப் புடிச்சுக்கிட்டு ஒத்தக் கால் நுனியில நில்லு," என்றார்.

அக்கா இடது கால் நுனியில் நின்றாள். குதிகால் எளிதாக மேலே எழுந்தது. காலை மாற்றினாள். வலது குதிகால் தரையை விட்டு எழவில்லை. உடம்பை முன்னால் தள்ளினாள், சுவரை இரண்டு கையாலும் அழுத்தினாள், முழங்காலை மடக்கி ஏமாற்றப் பார்த்தாள். குதிகால் ஆணி அடித்ததுபோல் அங்கேயே இருந்தது. தன் காலையே யாருடையதோ என்பதுபோல் அவள் குனிந்து பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. இதை எழுதும்போதும் அது கண் முன்னால் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இடுப்பிலிருந்து குதிகால்வரை ஒரு இழுப்பு இரண்டு மாதமாக இருக்கிறதாம். நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் யாருக்கும் வரும் என்று விட்டுவிட்டாளாம். போன மாதக் கடைசியில் வலியே போய்விட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்தாளாம். வலி போன இடத்தில் மரத்துப்போனது வந்திருக்கிறது. பெடல் காலுக்குத் தெரியவேண்டும் என்று வேனில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறாளாம். வேனின் பிரேக்கும் கல்லு மாதிரி ஆகிவிட்டது என்று மெக்கானிக்கிடம் இரண்டு முறை கொண்டுபோனது எங்களுக்கும் தெரியும். இரண்டு முறையும் அவர், பிரேக்குல ஒண்ணும் இல்லம்மா என்று திருப்பி அனுப்பினார். ஒண்ணுக்கும் உதவாத மெக்கானிக் என்று நாங்கள் மூன்று பேரும் சாப்பிடும்போது அவரைத் திட்டினோம்.

நான் அவரையும் திட்டினேன், என் லோடு செல்லையும் திட்டினேன். வீட்டில் ஒரு பிரேக், வேலையில் ஒரு பிரேக், இரண்டும் ஒரே மாதத்தில் இறுகுகிறது, இரண்டையும் மிதிப்பது ஒரே கால். இதை ஒரு குழந்தை கூட்டிச் சொல்லியிருக்கும். நான் என்ன செய்தேன்? கால் பலம் குறையக் குறைய, குறைந்த பலத்துக்கே கார் நிற்கும்படி அளவை இறக்கிக் கொடுத்தேன். அவள் கால் எனக்குச் சொன்ன செய்தியை, அவளுக்கே தெரியாமல் நானே மூன்று முறை அழித்திருக்கிறேன். கடையில் ஒரு தராசு குறைவாகக் காட்டினால், முதலில் கல்லை வை, கல் சரியாகக் காட்டினால் வைத்த சாமானைச் சந்தேகப்படு என்று சொல்கிறவள், வீட்டில் தராசையே திருகினேன். எழுத வராத தவறு இதுதான்.

"இன்னும் அஞ்சு நாள்தான்," என்றாள் அக்கா திடீரென்று. "வெள்ளிக்கிழமையோட பரீட்சை முடியுது. அப்புறம் லீவு. லீவுல ஆஸ்பத்திரிக்குப் போறேன். நெஜ வண்டியில மிதிக்கிற பலத்தக் கூட்டிக் குடுக்க பூஸ்டர் இருக்குடி, உனக்குத் தெரியாதா? பத்துக் கிலோ மிதிச்சாலே நிக்கும்."

அதுவும் உண்மை. வேனில் சாதாரணமாக நிறுத்தப் பத்துக் கிலோ போதும். அதனால்தான் ஒரு மாதமாக யாருக்கும் தெரியவில்லை. சடாரென்று நிறுத்த வேண்டியிருந்தால் போதாது. அதை நான் சொல்ல வாயெடுத்தேன். ஐந்து நாள்தானே என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது? பதினெட்டு வயதிலிருந்து அவள் செய்வது அது ஒன்றுதான். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "வியாழக்கெழம மறுபடி மெக்கானிக்கிட்ட போயிட்டு லேட்டா வந்தியே. எதுக்கு?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வளைவில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தாராம். மிதித்தாளாம். நிற்கவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்தபோதுதான் நின்றதாம், சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி, அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில். முன் வரிசையிலிருந்த சின்னப் பிள்ளை ஒருத்தியின் தண்ணீர் பாட்டில் உருண்டு அக்காவின் காலடிக்கு வந்ததாம். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்களாம், இன்னொரு தரம் என்று கத்தினார்களாம். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போயிருக்கிறாள். அதுதான் அந்த இரண்டாவது முறை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை மாலை இதே அறையில் இருபத்திரண்டு கிலோவில் அக்காவை மறுபடி ஜெயித்து, அவளைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

"ஐம்பதுல வை," என்றாள் அக்கா.

புரியாமல் பார்த்தேன்.

"மொதல்ல வெச்சியே, அந்த ஐம்பது. வை."

வைத்தேன். அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தேன். இந்த மாதத்தில் அவள் அந்த இருக்கையை ஒரு சாண் முன்னால் நகர்த்தியிருக்கிறாள். அவளுக்கு மனப்பாடமான அதே பந்தயத் தடம். நேரான பாதையில் வழக்கம்போல் வேகமெடுத்தாள். முதல் வளைவு. வழக்கமான இடத்தில் மிதித்தாள். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. மறுபடி ஆரம்பித்தாள். இன்னும் முன்னதாகவே மிதித்தாள். சுவர். மூன்றாவது முறை இரண்டு கையாலும் தன் வலது முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். ஸ்டீயரிங்கை யாரும் பிடிக்கவில்லை. சுவர். மற்ற நாட்களில் மோதினால் வீடு அதிரத் திட்டுவாள். இன்று திரையில் நசுங்கிய காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதை நிறுத்தினேன்.

"பதினாலு பேருடி," என்றாள்.

பிறகு போனைக் கேட்டாள். நான் பேசுகிறேன் என்றேன், அம்மாவும் சொன்னார். இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு வேன் முதலாளியம்மாவை அவளே அழைத்தாள். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை.

"மெக்கானிக் சொன்னது சரிதாங்க. பிரேக் நல்லாத்தான் இருக்கு. என் வலது கால்தான் வேலை செய்யல. நாளைக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன்."

முதலாளியம்மா கேட்ட முதல் கேள்வி, பிள்ளைகள் யாருக்காவது அடிபட்டதா என்பது. இல்லை என்றதும், வியாழக்கிழமை விஷயத்தை அக்காவே சொன்னாள். நாளையிலிருந்து வேனைத் தானே ஓட்டிக்கொள்வதாகச் சொன்ன முதலாளியம்மா, மருத்துவர் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் பேச முடியும் என்றாராம். மற்றது என்றால் வேலை. அக்கா சரிங்க என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அழுதாள். என்ன செய்வது என்று தெரியாமல் நான் எடைக்கல்லைத் துணிப்பையில் போட்டேன், வெளியே எடுத்தேன், மறுபடி போட்டேன்.

இப்போது அடுத்த அறையில் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. சற்று முன்பு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"மில்லி, எல்லாத்தையும் அந்த நோட்டுல எழுதுறியா?"

ஆமாம் என்றேன்.

"தேதி போட்டு எழுதியிருக்கியா, அறுபத்து நாலுலேர்ந்து?"

எல்லாம் இருக்கிறது என்றேன். டாக்டர் கேட்டா காட்டணும், எடுத்துக்க என்றாள். அவளுடைய அளவை மார்ச் 4க்குப் பிறகு நான் தனியாக எழுதவில்லை, முழு அளவை எவ்வளவு குறைத்தேன் என்பது மட்டும்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஐம்பது, நாற்பது, முப்பது, இருபத்திரண்டு. பார்க்கிறவருக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை.

நாளைய வேலை: காலை ஆறு மணிக்கு வேன் சாவியை முதலாளியம்மா வீட்டில் கொடுக்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றும் வரிசையை அக்கா சொல்லச் சொல்ல எழுதி, சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஏழரைக்கு அக்காவுடன் மருத்துவமனை, நரம்புப் பிரிவு, இந்தக் குறிப்பேட்டுடன். போகும் வழியில் மெக்கானிக்கைப் பார்த்து, அவர் சொன்னது சரி என்று சொல்ல வேண்டும். பிறகு கடை: எடைக்கல்லைத் திருப்பி வைத்து, சனிக்கிழமைத் தேதியிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிரேக்கின் முழு அளவு ஐம்பதில் இருக்கிறது. அதைத் தொடக் கூடாது.